பதினொரு நாள் படுக்கை

எங்கள் வீட்டு அரிவாள்மனை சென்ற ஆண்டு ஐப்பசியில் பரணுக்குப் போய்விட்டது. அதற்கு முந்தைய மாதம்வரை, 77 வயதான என் அம்மா காலைதோறும் அடுக்களைத் தரையில் அமர்ந்து, அதன் பலகையில் ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு வாழைக்காயோ அவரைக்காயோ நறுக்குவார். நறுக்கி முடித்ததும் ஒரு கையை மட்டும் தரையில் ஊன்றி எழுந்துவிடுவார். பிறகு நிமோனியா வந்தது. மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்தார். நுரையீரல் தெளிந்துவிட்டது, இரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் சரியாகிவிட்டன என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவரால் கழிப்பறை இருக்கையிலிருந்து யாராவது கைகொடுக்காமல் எழ முடியவில்லை. "காலு என் காலு மாதிரியே இல்லய்யா" என்றார். மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவரிடம் இதைச் சொன்னேன். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்பது அவருடைய பதில்.

அந்தப் பதிலை அப்போது தலையாட்டி ஏற்றுக்கொண்டுதான் வந்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான், வயது என்பது பதினொரு நாளில் வந்துவிடக் கூடிய ஒன்றா என்ற கேள்வி எழுந்தது. நான் மருத்துவம் படித்தவன் அல்லன்; வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவன். ஆனாலும் கணக்கு உதைத்தால் விடாமல் தேடும் பழக்கம் இன்னும் போகவில்லை. முதுமையில் உடல் தளர்வதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைக் கடந்த சில மாதங்களாகத் தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிட வேண்டும். மருத்துவமனையில் அம்மா இரண்டாம் நாளே கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தார். நானும் தங்கையும்தான் தடுத்தோம். கீழே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கட்டிலின் பக்கக் கம்பிகளை உயர்த்தி வைத்தோம், சிறுநீர் கழிக்கவும் படுக்கையிலேயே பாத்திரம் வைத்தோம், உணவை ஊட்டிவிட்டோம். பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் எங்களைப் போற்றினார்கள். பெற்றவளைத் தரையில் கால்பட விடாமல் தாங்குகிறார்கள் என்று சித்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

2007-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான ஒரு சிறிய ஆய்வு உண்டு. கோர்ட்பைன் என்பவரும் அவருடைய குழுவினரும், சராசரி வயது 67 உள்ள, நோய் எதுவும் இல்லாத, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த பதினொரு பேரைப் பத்து நாள் முழுமையாகப் படுக்கையில் இருக்கச் செய்து அளந்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர்கள் கால்களிலிருந்து மட்டும் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. தசையில் புதிய புரதம் உருவாகும் வேகம் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. இளைஞர்களை 28 நாள் படுக்கவைத்துச் செய்த ஆய்வில்கூட இவ்வளவு இழப்பு இல்லை. இவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, தொற்று இல்லை, பசியின்மை இல்லை. படுத்திருந்தது ஒன்றே காரணம். அம்மாவுக்கு அத்தனையும் இருந்தன. அவர் அந்த ஆய்வில் இருந்தவர்களைவிடப் பத்து வயது மூத்தவர். நாங்கள் தாங்கிய தாங்கலில் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்கிட எனக்குத் துணிவு வரவில்லை.

நம் ஊரில் கால் தளர்ந்தாலும் கை நடுங்கினாலும் சோர்வாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் 'நரம்புத் தளர்ச்சி' என்ற ஒரே பெயர்தான். மருந்துக் கடையில் கேட்டால் அதற்கென்று சிவப்பு நிறத்தில் ஒரு வைட்டமின் மாத்திரையும் கிடைக்கும். வயதோடு தசை குறைவதற்கு மருத்துவத்திலேயே 1980-களின் இறுதிவரை தனிப்பெயர் கிடையாது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. இர்வின் ரோசன்பர்க் என்ற ஊட்டச்சத்து அறிஞர்தான் 1989-ல், சதை என்பதற்கும் குறைவு என்பதற்கும் உள்ள கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். பெயர் இருந்தால்தான் ஒரு பொருளை ஆராய முடியும், அதற்குப் பணம் கேட்க முடியும் என்பது அவருடைய எண்ணமாக இருந்தது. நோய்களுக்குக் குறியெண் தரும் அமெரிக்கப் பட்டியலில் அது இடம்பெற 2016 வரை ஆயிற்று.

தசை ஏன் குறைகிறது என்பதில் நரம்புக்கும் பங்கு உண்டு என்பதால், நம் ஊர்ப் பெயர் முழுத் தவறும் அன்று. தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு இயக்க நரம்பும் நூற்றுக்கணக்கான தசை இழைகளை ஆள்கிறது. வயதேற ஏற அந்த நரம்புகளில் சில மடிகின்றன. அப்போது அவை ஆண்ட இழைகள் அநாதையாகிவிடுகின்றன. பக்கத்திலுள்ள நரம்பு கிளைவிட்டு அவற்றில் சிலவற்றைத் தத்தெடுத்துக்கொள்கிறது. தத்தெடுக்கப்படாதவை சுருங்கி அழிகின்றன. இப்படி அதிகம் அழிபவை வேகமாகச் சுருங்கி விரியும் வகை இழைகள். தடுக்கி விழப்போகும் ஒருவர் சட்டென்று காலை எடுத்து முன்னே வைப்பதற்கும், நாற்காலியிலிருந்து உந்தி எழுவதற்கும் தேவைப்படுபவை இவைதாம். மெதுவாக நீண்ட நேரம் வேலை செய்யும் இழைகள் ஓரளவு தப்பிவிடுகின்றன. அதனால்தான் ஒரு மைல் நடக்கக்கூடிய முதியவர் சிலருக்குப் பேருந்துப் படி ஏறுவது மட்டும் முடியாமல் போகிறது.

இதில் நான் சிறிதும் எதிர்பாராத செய்தி ஒன்று உண்டு. பிட்ஸ்பர்க், மெம்ஃபிஸ் ஆகிய இரண்டு அமெரிக்க நகரங்களில் எழுபதுகளில் இருந்த ஆண்களையும் பெண்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஆய்வில், தசையின் அளவு குறைந்த வேகத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் வலு குறைந்தது தெரியவந்தது. சதை போட்டவர்களுக்கும்கூட வலு குறைந்தது. ஆகவே கையைப் பிடித்துப் பார்த்து "சதை இருக்கிறது, தெம்பாகத்தான் இருக்கிறார்" என்று சொல்வதில் பொருள் இல்லை. வலுவைத்தான் அளக்க வேண்டும்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம் என்பதை எங்கள் வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர் காட்டினார். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது. முப்பது வயதுகூட ஆகாத அந்தப் பெண், சாப்பாட்டு மேசையிலிருந்த மரநாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு அம்மாவை அதில் உட்காரவைத்து, "ஆச்சி, ரெண்டு கையையும் மார்போட கட்டிக்கிட்டு அஞ்சு தடவ எந்திரிச்சு உக்காருங்க" என்றார். அம்மாவால் ஒரு முறைகூட எழ முடியவில்லை. ஆசியாவுக்கென வகுக்கப்பட்டு 2019-ல் திருத்தப்பட்ட வரையறைப்படி, ஐந்து முறை எழுந்து அமர 12 விநாடிக்கு மேல் ஆனால் தசைத் திறன் குறைவு என்று கொள்ள வேண்டும். கைப்பிடி வலு ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழும் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழும் இருந்தாலும், நடைவேகம் விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே போனாலும் எச்சரிக்கைதான். இந்த எல்லைக்கோடுகள் பெரும்பாலும் கிழக்காசிய நாடுகளின் அளவுகளிலிருந்து வந்தவை. தாமிரபரணிக் கரைக் கிழவிக்கு அவை அப்படியே பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஒரு முறைகூட எழ முடியாதவர் விஷயத்தில் எல்லைக்கோடு எங்கே இருந்தால் என்ன?

கைப்பிடி வலு என்றதும் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஒரு கருவியைக் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வதில் என்ன தெரிந்துவிடும்? 2015-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரின் கைப்பிடியை அளந்து, அவர்களைச் சராசரியாக நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பிடிவலு ஒவ்வொரு 5 கிலோ குறையும்போதும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். யார் முதலில் இறப்பார் என்பதை முன்னறிவதில் இரத்த அழுத்த அளவைவிட இந்தப் பிடி மேலானதாக இருந்தது. இதைப் படித்துவிட்டு ரப்பர் பந்தை வாங்கி அமுக்கத் தொடங்கினால் ஆயுள் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. உடம்பு முழுவதும் எப்படி இருக்கிறது என்பதைக் கை காட்டிக்கொடுக்கிறது. கை மட்டும் வலுவானால் உடம்பு மாறிவிடாது. பிரேசிலில் 2012-ல் கிளாடியோ அராவுஜோ குழுவினர் வெளியிட்ட, தரையில் அமர்ந்து எழும் சோதனைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அமர்வதற்கு ஐந்து, எழுவதற்கு ஐந்து எனப் பத்து மதிப்பெண். கையையோ முழங்காலையோ ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் ஒன்று குறைப்பார்கள். 51 முதல் 80 வயதுவரையுள்ள 2,002 பேரில், குறைந்த மதிப்பெண் பெற்றவர்களே அடுத்த ஆண்டுகளில் அதிகம் இறந்தார்கள். தரையில் இலைபோட்டுச் சாப்பிட்ட நம் பாட்டிமார் இந்தச் சோதனையை நாளைக்கு மூன்று முறை எழுதித் தேறியவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்காக, மூட்டுத் தேய்ந்து வலியோடு இருப்பவரைத் தரையில் உட்காரச் சொல்வது கொடுமை.

சரி, போனது திரும்புமா? இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் படித்தேன். பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவர் செய்த ஆய்வு 1990-ல் வெளியானது. 86 முதல் 96 வயதுவரையுள்ள பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், அமர்ந்தபடியே காலில் எடை தூக்க வைத்தார். பெயருக்கு அரைக் கிலோ அன்று. ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடை எவ்வளவோ, அதில் 80 சதவீதம்வரை. தொண்ணூறு வயதுக்காரர்களை இப்படி எடை தூக்க வைப்பது அந்தக் காலத்தில் கேட்பவர்களைப் பதறவைக்கும் செயல். முடித்த ஒன்பது பேரின் கால்வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொடையின் நடுப்பகுதித் தசை 9 சதவீதம் பெருத்திருந்தது. இருவர் கைத்தடியை வைத்துவிட்டு நடந்தார்கள். ஒன்பது பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது என்பதால், அதே குழு சராசரி 87 வயதுள்ள நூறு பேரைக்கொண்டு மீண்டும் செய்து 1994-ல் வெளியிட்டது. அதில் பயிற்சி செய்தவர்களின் வலு 113 சதவீதம் கூடியது. செய்யாதவர்களுக்கு 3 சதவீதம். நடைவேகமும் படியேறும் திறனும் பயிற்சி செய்தவர்களுக்கு மேம்பட்டன.

அந்த 1994 ஆய்வில் இன்னொரு பகுதியும் இருந்தது. நூறு பேரில் ஒரு பிரிவினருக்குப் பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அது தனியாக எந்தப் பலனையும் தரவில்லை. எங்கள் வீட்டு அலமாரியில் அப்போது, நலம் விசாரிக்க வந்தவர்கள் கொண்டுவந்த சத்துபானப் பொடி டப்பாக்கள் ஏழு இருந்தன.

உணவு முக்கியம் இல்லை என்பதல்ல இதன் பொருள். பயிற்சி கேட்கும் செங்கல்லை உணவுதான் தர வேண்டும். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது வளர்ந்தோருக்கான இந்தியப் பரிந்துரை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு 1.0 முதல் 1.2 கிராம்வரை வேண்டும் என்று 2013-ல் ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு கூறியது. முதிய தசை, அதே அளவு புரதத்துக்கு இளைய தசையைப்போல எதிர்வினை காட்டுவதில்லை என்பதே காரணம். 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு இதன்படி 50 முதல் 60 கிராம் தேவை. காலையில் இரண்டு இட்லி, மதியம் சோறும் ரசமும், இரவு ஒரு தம்ளர் பால் என்று அவர் சாப்பிட்டதைக் கூட்டிப் பார்த்தால் பாதிக்கும் கீழே நின்றது. அதிலும் செவ்வாய், வெள்ளி விரதம். முட்டை தொடாதவர் என்பதால் சுண்டல், தயிர், பருப்பு என்று கூட்ட வேண்டியிருந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நான் படித்தவற்றில் என்னை அதிகம் வருத்தியது, ஸ்பெயினின் பாம்ப்லோனா நகர மருத்துவமனையில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு. 75 வயதைக் கடந்து, தீவிர நோய்க்காகச் சேர்க்கப்பட்ட 370 பேர். சராசரி வயது 87. ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதியினருக்கு அதே சிகிச்சையோடு, மருத்துவமனையில் இருக்கும்போதே காலையும் மாலையும் இருபது நிமிடம் அவரவர் உடல்நிலைக்கேற்ற எடைப் பயிற்சியும் நடையும். குளிப்பது, உடுத்துவது, எழுந்து நடப்பது போன்ற அன்றாடச் செயல்களைத் தானே செய்துகொள்ளும் திறனை நூறு புள்ளிகளில் அளந்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் வீடு திரும்புகையில் சராசரியாக 5 புள்ளி இழந்திருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் ஏறத்தாழ 2 புள்ளி கூடியிருந்தார்கள். பலருக்கும் பயிற்சி கிடைத்தது ஐந்து முதல் ஏழு நாள் மட்டுமே. அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர்கள், அம்மா கம்பி போட்ட கட்டிலில் கிடந்த நாட்களுக்கும் குறைவான காலத்தில், சேர்ந்தபோது இருந்ததைவிடச் சற்று மேலான நிலையில் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

அதே நேரத்தில் இதைச் சஞ்சீவி என்று சொல்லவும் நான் தயாராக இல்லை. இத்துறையில் நடந்த பெரிய ஆய்வுகளில் ஒன்று, 70 முதல் 89 வயதுள்ள, அதிகம் நடமாடாத 1,635 பேரை வைத்து அமெரிக்காவில் எட்டு இடங்களில் நடந்து 2014-ல் வெளியானது. ஒரு பிரிவினர் நடை, எடை, சமநிலைப் பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தார்கள். மற்றவர்கள் உடல்நல வகுப்புகளுக்குப் போனார்கள். சுமார் இரண்டரை ஆண்டில், 400 மீட்டர் நடக்க முடியாத நிலைக்குப் போனவர்கள் வகுப்புப் பிரிவில் 35.5 சதவீதம், பயிற்சிப் பிரிவில் 30.1 சதவீதம். வித்தியாசம் உண்மையானதுதான், ஆனால் பயிற்சி செய்தவர்களிலும் பத்தில் மூன்று பேர் தளர்ந்துதான் போனார்கள். மருத்துவர் சொன்ன 'வயது' இந்த 30 சதவீதத்தில் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அந்த மற்ற ஐந்து சதவீதத்தைப் பற்றி யாரும் எங்களிடம் பேசவில்லை என்பதுதான் என் மனக்குறை.

இத்தனைக்கும் முதியோர் மருத்துவம் நமக்குப் புதிதல்ல. இந்தியாவிலேயே அதற்கான முதல் தனிப்பிரிவு 1978-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில், மருத்துவர் வி. எஸ். நடராசனின் முயற்சியால் தொடங்கியது. 2024-ல் கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை ஒன்றும் திறக்கப்பட்டிருக்கிறது. ஆனால் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கிண்டி 600 கிலோமீட்டருக்கும் மேல்.

அம்மாவுக்குப் பயிற்சி தலையணையில் தொடங்கியது. நாற்காலியில் இரண்டு தலையணைகளை அடுக்கி, உயரத்தைக் கூட்டி, அதிலிருந்து கைகளைக் கட்டிக்கொண்டு எழப் பழக்கினார் அந்தப் பெண். மூன்று வாரத்தில் ஒரு தலையணை போனது, ஆறாவது வாரத்தில் மற்றதும் போனது. பிறகு கணுக்காலில் மணல்பை கட்டி, அமர்ந்தபடி காலை நீட்டி மடக்குவது. முதல் அரைக் கிலோ மணலை நான்தான் ஆற்றிலிருந்து எடுத்துவந்து துணியில் தைத்தேன். இப்போது இரண்டு கிலோ. பக்கத்து வீட்டுக்காரர்கள் வயதான காலத்தில் தாயைப் படுத்தும் பிள்ளை என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்வதாகத் தங்கை சொன்னாள்.

மார்கழி இறுதியில் ஐந்து முறை எழுந்து அமர அம்மாவுக்கு 14 விநாடி ஆயிற்று. பரணிலிருந்து அரிவாள்மனையை இறக்கச் சொன்னார். தரையில் அமர இன்னும் நாளாகட்டும் என்று இயன்முறை மருத்துவர் சொல்லிவிட்டதால், மேசையில் கத்தியும் பலகையும் வைத்து அதிருப்தியோடு நறுக்குகிறார். தை மாதத்தில் பொங்கலும் தங்கை மகள் கல்யாணமும் அடுத்தடுத்து வந்ததில் நான்கு வாரம் பயிற்சி நின்றுபோனது. பாஸ்டன் முதியவர்கள் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் உச்ச வலுவில் 32 சதவீதத்தை இழந்தார்கள் என்று படித்திருந்தும் நிறுத்தினோம். கல்யாணம் முடிந்த மறுவாரம் கடிகாரத்தை வைத்துப் பார்த்தபோது 18 விநாடி. நோட்டுப் புத்தகத்தில் அதைக் குறித்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் நாற்காலியைத் தானே சுவரோரமாக இழுத்துப் போட்டிருந்தார்.